பாக்கு வராத ஐப்பசி

என் அண்ணனைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். பேசத்தான் செய்கிறார்கள். ஊருக்கு உழைத்தவர், ஏரியைக் காப்பாற்றியவர், அவர் இல்லாவிட்டால் எங்கள் தெருவே இருந்திருக்காது என்கிறார்கள். காப்பாற்றினான், இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரை வைத்துக் காப்பாற்றினான் என்பது எனக்குத்தான் தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. திருத்தணி மலையடிவாரத்தைத் தாண்டி நந்தியாறு வளைகிற இடத்தில், தாழ்வான படுகையில் பதினெட்டுக் குடிசைகள். கூலி வேலைக்குப் போகிற சனங்கள் நாங்கள். அங்கேதான் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். என் தாய்வீடு மேலூர், ஆற்றுக்கு மேற்பக்கம் நாலு மைல். அந்த ஊரில் பெரிய ஏரி ஒன்று உண்டு. மதகைத் திறப்பதும் மூடுவதும் கரையைக் காப்பதும் நீர்க்கட்டியின் வேலை. என் நைனா அந்த வேலையைப் பார்த்தார், அவருக்குப் பிறகு என் அண்ணன்.

அந்த ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஓடை வழியாக எங்கள் ஆற்றில்தான் வந்து விழும். அதற்கு நாங்கள் பயப்படுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வரும். பயமெல்லாம் கரை தாங்காமல் போகிற மழைக்குத்தான். கரை தானாக உடைந்தால் ஏரியை ஒட்டி இருக்கும் என் தாய்வீட்டுத் தெரு போய்விடும். அதனால் தெருவுக்கு எதிர்க்கோடியில் அவர்களே கரையை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் மொத்தத் தண்ணீரும் ஓடையில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, எங்கள் படுகையில் ஏறும்.

இதற்கு இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் மேலூரிலிருந்து பறையடிக்கிறவரும் இரண்டு ஆட்களும் வெற்றிலை பாக்கோடு வருவார்கள். எங்கள் பெரியதனக்காரர் கையில் கொடுத்து, 'கரை வெட்டப் போறோம், மேடேறுங்க' என்று சொல்வார்கள். வெட்டுப் பாக்கு என்று பேர். பாக்கை வாங்கிக்கொண்டால் மூன்று நாழிகைக்குள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மலைப்படி மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். மேலே கோயில் மடப்பள்ளிக்காரர்கள் மழை விடுகிற வரை சோறு அனுப்பிவைப்பார்கள். பாக்கை வாங்கியவர்கள் வெட்டைத் தடுக்கக் கூடாது, பாக்கு கொடுக்காதவர்கள் வெட்டக் கூடாது.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின மழையில் எங்கள் ஆட்கள் அதை மீறினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பாக்கை வாங்கி மடித்துப் போட்டுக்கொண்டு, தடியோடு போய்க் கரைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். என்னைக் கட்டிக்கொண்ட மனுஷரும் அதில் ஒருவர். வெட்ட முடியாமல் கரை உடைந்து, மேலூர்த் தெருவில் பாதி போயிற்று. அப்புறம் பெரியவர்கள் கூடிப் பேசிச் சமாதானமானார்கள். சமாதானத்துக்கு அடையாளமாக நீர்க்கட்டி வீட்டுப் பெண்ணைப் படுகைக்குக் கொடுப்பதென்று முடிவானது. பெண் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

அனுப்பும்போது அண்ணன் என் தலையில் கை வைத்துச் சொன்னான். "நீ அங்க கீற வரைக்கும், பாக்கு வராம கரையில ஒரு மண்வெட்டி படாது."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு படுகையில் நான் என்ன மிதப்பாகத் திரிந்தேன்! மழைக்காலம் வந்தால் எனக்குத்தான் மவுசு. வானம் கறுத்தால் போதும், மூட்டை கட்டலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு எல்லாரும் என் குடிசைக்கு வருவார்கள். கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லாதவளுக்கு ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அது. வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம்.

அந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் தாலுகா கச்சேரியிலிருந்து தமுக்கு அடித்தார்கள். ஒரு தரம் தெலுங்கில், ஒரு தரம் தமிழில். பட்டணத்தில் புயல் கொடி ஏற்றிவிட்டார்களாம், பெருமழை வருகிறதாம், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போக வேண்டுமாம். பாதிப் பேர் அப்போதே பானைகளை எடுக்க ஆரம்பித்தார்கள்.

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். "பாக்கு வந்துதா? வரல இல்ல? பின்ன இன்னாத்துக்கு இந்த ஆட்டம் ஆடுறீங்க? போன வருஷம் இந்தத் தமுக்க நம்பி மலையேறி மூணு நாளு குந்திகினு இருந்தோமே, ஒரு சொட்டு விழுந்துதா? கோழி பூராவும் திருட்டுப் போனதுதான் மிச்சம்!"

சிரித்தார்கள். பானைகளை இறக்கி வைத்தார்கள். நான் பேசிய பேச்சு அது. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. என் வீட்டுக்காரர் அப்போது கால் உடைந்து படுத்திருந்தார். கல் ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு போய், புத்தூர் கட்டுப் போட்டு, காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவரை மலையேற்ற வேண்டுமென்றால் கட்டிலோடு நாலு பேர் தூக்க வேண்டும். வராத வெள்ளத்துக்கு அவரை அலைக்கழிக்க எனக்கு மனசில்லை.

மறுநாள் காலையில் தூறிக்கொண்டிருந்தது. மேலூர்த் தயிர்க்காரி எங்கள் பக்கமாக வந்தாள். "உங்கம்மாவுக்குக் குளிர் ஜுரமாம். உடனே வரச் சொல்லிச்சு உங்கண்ணன். ரெண்டு நாளு தங்குறாப்பல வரணுமாம்" என்றாள்.

இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்கினேன். என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் பெண்சாதி, பக்கத்துக் குடிசை. மூன்று வயசுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "பெத்தவளுக்கு முடியலன்னா போயிட்டு வாடி. ஒன் ஊட்டுக்காரருக்குச் சோறு தண்ணி நான் பாத்துக்கறேன். அப்பிடியே ஒங்கண்ணங்கிட்ட ஏரி எப்பிடி கீதுன்னு கேட்டுகினு வா. நீ வந்து சொல்ற வரைக்கும் நாங்க எங்கயும் போவல" என்றாள்.

அவர் கட்டிலில் இருந்தபடியே, "போய்ட்டு வா, நான் இன்னா ஓடியா பூடப்போறேன்?" என்று சிரித்தார்.

குறுக்கு வழி ஆற்றோரமாகப் போகும். அதில் நடந்து வெயில் இல்லாத அந்த நாளில் உச்சிப்பொழுதுக்கு முன்பே தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் மழை வலுத்துவிட்டது. உள்ளே நுழைந்தால் என் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருக்கிறாள். ஜுரமும் இல்லை, ஒன்றும் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், என் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

"இன்னாம்மா இது, நல்லாத்தானே கீற?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. களியைத் தட்டில் போட்டுக் கீரையை ஊற்றினாள். "வந்தது வந்துட்ட. ரெண்டு நாளு இருந்துட்டுப் போயேன்" என்றாள். பசி. சாப்பிட்டேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவோ நாளாகிவிட்டது அப்படித் தடவிக்கொடுத்து. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"அவரு படுத்துகினு கீறாரு, பொழுதோட போவணும்மா" என்றதும் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "மாப்ளய எப்பிடிடி இட்டுகினு வர்றது? அதான் உன்னயாவதுன்னு..." என்று ஆரம்பித்து, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

கையில் இருந்த களி கையிலேயே நின்றது. தெருவில் ஒரு ஆண்பிள்ளைகூடக் கண்ணில் படாததும், வாசலில் மண்வெட்டி எதுவும் சாத்தியில்லாததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்தேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்து, "சுமங்கலி வெறும் மடியோட போவக் கூடாதுடி" என்று அழுதுகொண்டே நாலு வெற்றிலையும் பாக்கும் ஒரு மஞ்சள் துண்டும் என் மடியில் வைத்துக் கட்டினாள். எந்தத் தாய்வீட்டிலும் மகளுக்குக் கொடுத்து அனுப்புவதுதான். நான் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் ஊரே நின்றது. தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே தளும்பியது. தெருப்பக்கம் ஏற்கெனவே கசிவு கண்டு, கூடை கூடையாக மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கோடியில், வழக்கமாக வெட்டுகிற இடத்தில், பத்துப் பேரோடு அண்ணன் நின்றிருந்தான். கையில் மண்வெட்டி.

"பாக்கு எங்கண்ணா?" என்றேன். மூச்சு வாங்கியது.

அவன் அதிர்ந்து போகவில்லை. "போன தபா பாக்கு குடுத்துட்டுத்தானே தெருவ வாரிக் குடுத்தோம்? இப்பவும் குடுத்தா தடியத் தூக்கிகினு வருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள இது பிச்சிகினு பூடும். பாரு, அந்தப் பக்கம் கசியறத."

"அதுக்கு? பதினெட்டு ஊடுணா அங்க! உம் மச்சான் கால ஊன முடியாம கெடக்கறாரு! எங்கிட்ட இன்னா சொல்லி அனுப்பினே நீ? பாக்கு வரலயேன்னு நான் அவங்களப் போவ வாணாம்னுட்டு வந்துகீறேன்!"

அவன் காலைப் பிடித்தேன். சேற்றில் விழுந்து பிடித்தேன். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டான். என்னைத் தூக்கி நிறுத்தினான். "போ. போய்ச் சொல்லி எல்லாரையும் மேடேத்து. பொழுது சாயற வரைக்கும் நாங்க தொடமாட்டோம், இது சத்தியம்" என்றான். நான் திரும்பி ஓட ஆரம்பித்ததும் பின்னாலிருந்து கத்தினான். "ஆத்தோரமா போவாத! வழுக்கி உழுந்து சாவாத! மேட்டு வழியா போ!"

மேட்டு வழி என்பது பாறைக் குன்றைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. ஒன்றரை மைல் அதிகம். அண்ணனுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே அதில் ஓடினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அடிப் பாவி!

குன்றின் மறுபக்கம் திரும்பும்போது ஆற்றைப் பார்த்தேன். மழைத்தண்ணீரின் நிறம் எனக்குத் தெரியும், ஏரித்தண்ணீரின் நிறமும் தெரியும். நீர்க்கட்டி வீட்டில் பிறந்தவள் நான். கரைமண்ணும் நாணலும் வேரோடு மிதந்து போய்க்கொண்டிருந்தன. நான் முதுகைக் காட்டியதுமே வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் என்னைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கப்புறமும் ஓடினேன். எதற்கு ஓடுகிறேன் என்று தெரியாமல், "வெட்டிட்டாங்க, வெட்டிட்டாங்க" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கேட்பதற்கு ஆள் இல்லை.

படுகையில் கூரைகள் மட்டும் தெரிந்தன. சனங்கள் ரயில் பாதை மேட்டில், தண்டவாளத்தை ஒட்டி, நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தார். உயிரோடுதான். கட்டிலை ஒருபக்கம் இவருடைய அண்ணனான என் மூத்தாரும் மறுபக்கம் ஓரகத்தியும் இன்னும் இரண்டு பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவரைக் கரையேற்றிவிட்டுத்தான் ஓரகத்தி, என் குடிசையில் கட்டிப்போட்டிருந்த ஆடு கத்துகிறதே என்று திரும்பிப் போயிருக்கிறாள். என் வீட்டைப் பார்த்துக்கொள்வதாக என்னிடம் சொல்லியிருந்தாள் இல்லையா. அவளை மூன்றாம் நாள் இரண்டு மைல் தள்ளி முள்ளுக்காட்டில் கண்டெடுத்தார்கள்.

அந்தக் குழந்தை அப்போது என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. வாங்கினேன். அது குளிருக்கு என் மடியில் கைவிட்டுத் துழாவி, வெற்றிலையை வெளியே இழுத்தது. மேட்டில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். 

தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு ஊரும் மலையடியில் கூடின. வழக்கத்தை மீறிப் பாக்கில்லாமல் வெட்டியது யார் என்று கேட்கத்தான் கூட்டம். நான் அண்ணன் முகத்தைக் கிழித்துவிடுவது என்றுதான் போனேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், ஒன்று விடாமல்.

எங்கள் பெரியதனக்காரர் கேட்டார். அண்ணன் எழுந்தான். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். "பாக்கு குடுத்தோமுங்க. ஆளனுப்பினா தடியடி ஆவும்னு என் தங்கச்சியயே வரவழைச்சு, அது மடியில கட்டிக் குடுத்தனுப்பினோம். பொழுதோட போய்ச் சொல்லுன்னு சொல்லித்தான் அனுப்பினேன்" என்றான். தட்டில் கற்பூரம் எரிந்தது. உள்ளங்கையை வைத்து அணைத்தான்.

நான் எழுந்தேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பெரியதனக்காரர் கையமர்த்திவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உம் மடியில வெத்தல பாக்கு இருந்துதாம்மா?"

"இருந்துதுங்க. அது எங்கம்மா..."

"இருந்துதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு. வெட்டப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதானே ஓடியாந்தேன்!"

"சொல்றதுக்கு ஓடியாந்தவ குறுக்கு வழிய உட்டுட்டு எதுக்கும்மா மேட்டு வழியில வந்த?"

"அவன்தாங்க அந்த வழியில போவச் சொன்னான்."

நான் சொன்னது எல்லாம் நிஜம். ஒவ்வொரு நிஜமும் என் தலையிலேயே விழுந்தது. பெண்கள் பக்கம் என் அம்மா நின்றிருந்தாள். "நீ சொல்லும்மா" என்றேன். அம்மா அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆங், நான்தான் கட்டிக் குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். அவளும் பொய் சொல்லவில்லை. பெற்ற மகள் கழுத்தை அறுக்க அதுவே போதுமாக இருந்தது.

மூத்தார் எழுந்து வந்து என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு ஜுரம் என்று ஏன் பொய் சொல்லிக் கூப்பிட்டான்? உண்மையைச் சொன்னால் நான் படுகை முழுவதையும் கிளப்பிவிட்டுத்தான் நகர்வேன், என் உயிரை மட்டும் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவ்வளவு நிச்சயமாக என்னைத் தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். கூட வாழ்ந்தவர்களுக்கு அது தெரியவில்லை. என் பக்கம் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் கற்பூரத்தை அணைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாக இரண்டு மூன்று தரம் சொன்னேன். "சரி உடு, ஆனது ஆயிப்போச்சு" என்பார். கால் கூடிவிட்டது, கோலூன்றி நடந்தார். நான் போட்ட சோற்றைத் தின்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருட மழை. நான் மேட்டுக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்தேன். மத்தியானம் வானம் இடிந்து விழுகிறாப்போலக் கொட்ட ஆரம்பித்தது. ஆறு பொங்குவதற்குள் இவரைக் கிளப்ப வேண்டுமே என்று அடித்துப் பிடித்து ஓடிவந்தால், படுகையில் ஒரு ஜீவன் இல்லை. பதினெட்டுக் குடிசையும் காலி. ஆடு, கோழி, அம்மிக்கல் முதற்கொண்டு எடுத்துப் போயிருந்தார்கள். என் குடிசையில் அவருடைய வேட்டிகளையும் சோற்றுப் பானையையும் காணோம். என் சேலை கொடியில் கிடந்தது.

முழங்கால் தண்ணீரில் கடந்து, மலைப்படி ஏறினேன். இரண்டாவது மண்டபத்தில் எல்லாரும் இருந்தார்கள். மடப்பள்ளியிலிருந்து சோறு வந்திருந்தது.  அவர் தூணோரமாக உட்கார்ந்து, மடியில் அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"கொல்லைக்கு ஒரு ஆள உட்டு எனக்குச் சொல்லக் கூடாதா? நான் அங்கயே செத்திருந்தா?" என்றேன். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் கோபமாக இல்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, எனக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். "உனக்குத்தான் எங்களுக்கு முன்னாடியே சேதி வந்துருக்குமேன்னு இருந்துட்டோம்" என்றார்.